ஜுனுவிடம் சொல்லாதது

தீபாவளிக்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில் விறகுதான் எரிந்தது. காத்மாண்டு முழுக்க அப்படித்தான். காஸ் கிடையாது, பெட்ரோல் கிடையாது, மருந்துக்கடைகளில் பாதி அலமாரி காலி. எங்கள் நாடு எழுதிக்கொண்ட அரசியல் சட்டம் இந்தியாவுக்குப் பிடிக்கவில்லையாம். எல்லையில் லாரிகள் நின்றுவிட்டன. "நாங்கள் நிறுத்தவில்லை, உங்கள் ஆட்கள்தான் அந்தச் சட்டத்தை எதிர்த்து எல்லைப் பாலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று அவர்கள் சொன்னார்கள். யார் நிறுத்தினால் எனக்கென்ன? சட்டம் எழுதினவன் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. என் வீட்டுக்காரர் என்ன பாவம் செய்தார்?

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கத்தார் வெயிலில் கட்டட வேலை பார்த்துவிட்டு அப்படித்தான் திரும்பி வந்தார். வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர். அதற்கு வேண்டிய மருந்து நீரும் எல்லை தாண்டித்தான் வரவேண்டும். இரண்டு முறை ஒன்றானது. பிறகு, "வந்ததும் கூப்பிடுகிறோம்" என்றார்கள். அவருக்கு முகமும் காலும் வீங்க ஆரம்பித்தன.

பாய் டிக்கா அன்று காலை போன் வந்தது. அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிகளுக்கு நெற்றியில் ஏழு வண்ணப் பொட்டு வைத்து, யமன் நெருங்காமல் அவர்களைச் சுற்றி எண்ணெயால் கோடு போடும் நாள்.

"கொஞ்சம் மருந்து வந்திருக்கு. உடனே கூட்டிட்டு வாங்க. லேட் பண்ணினா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவோம்" என்றாள் நர்ஸ்.

நான் ஓடிப்போய் மாடி வீட்டு லோக்ராஜைப் பிடித்தேன். அவனிடம்தான் பைக்கில் கொஞ்சம் பெட்ரோல் இருந்தது. தன் அக்கா வீட்டுக்குப் போவதற்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான்.

"வாங்க அண்ணி, அண்ணனை இறக்கிட்டு அப்படியே அக்கா வீட்டுக்குப் போயிடறேன். ஆனா இப்பவே கிளம்பணும், நல்ல நேரம் போயிடும்" என்றான்.

என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு அசையவில்லை.

"ஜுனு வந்துட்டிருக்கா" என்றார்.

அவருடைய தங்கை ஜுனு இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி பனேபாவில் இருக்கிறாள். பஸ் ஓடவில்லை. விடியுமுன் நடக்க ஆரம்பித்திருப்பாள், டிக்கா வைக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். போன் போட்டேன், அணைந்து கிடந்தது. கரன்ட்டே இல்லாத ஊரில் எங்கே போய் சார்ஜ் போடுவாள்?

"அவ சாயங்காலம் வச்சா பொட்டு ஒட்டாதா? வந்ததும் நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கறேன், எந்திரிங்க."

"போன வருஷம் டிக்கா வாங்கல. கத்தார்ல கெடந்தேன். என்ன ஆச்சு பாத்தியா? இந்த வருஷமும் விட்டுட்டு, நல்ல நேரத்துல அந்தக் கட்டில்ல போய் படுக்கச் சொல்றியா?"

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"உனக்கு அண்ணன் தம்பி இல்ல. தெரியாது."

சுருக்கென்றது. வாய்க்கு வந்தபடி திட்டினேன், கையைப் பிடித்து இழுத்தேன். வீங்கின கை, என் விரல் பட்ட இடம் பள்ளமாகவே நின்றது. அவர் சிரிக்கப் பார்த்தார். "கொஞ்ச நேரம் பொறுடி. அவங்க எடுத்து வச்சிருப்பாங்க. வாங்கிட்டுப் போனா தைரியமா இருக்கும்."

லோக்ராஜ் வாசலில் நின்று நின்று பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அங்கே அவன் அக்காவும் பட்டினியாகத்தான் காத்திருப்பாள்.

ஜுனு வரும்போது நல்ல நேரம் கடந்துவிட்டது. வாடாமல்லி மாலை கையில் நசுங்கியிருந்தது. செருப்பு அறுந்து, ஒரு காலில் துணி சுற்றியிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைப் பார்த்த பார்வையில், அப்படியே மென்று விழுங்கிவிட்டேன்.

அவள் மூன்று முறை அண்ணனைச் சுற்றி வந்து எண்ணெய் விட்டாள். யமனையே நொறுக்குவதாக வாசலில் வால்நட்டை ஒரே அடியில் உடைத்தாள். ஏழு வண்ணத்தையும் நெற்றியில் நேராக வைத்தாள். அவர் குழந்தை மாதிரி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அத்தனை நிம்மதியாக அவரை நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "அடுத்த ஆளுக்கு ஏத்தியாச்சு அக்கா. இனி லாரி வந்தாத்தான்" என்றாள் நர்ஸ்.

லாரி வரவில்லை. மூன்றாம் நாள் அவருக்கு மூச்சு அடைத்தது. லோக்ராஜின் பைக்கில் அன்று ஒரு சொட்டும் இல்லை. நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டார்கள்.

காரியத்துக்கு ஜுனு மறுபடி நடந்தே வந்தாள். நான் வெள்ளைச் சேலையோடு மூலையில் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தேன். துக்கம் காக்கிறவளைத் தொடக்கூடாதென்பதால் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"அண்ணி, மருந்து வந்திருந்தா அண்ணன் பொழச்சிருக்கும்ல? அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிடவே இல்லையா?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீ மட்டும் அன்று வராமல் இருந்திருந்தால் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. அவள் காலைப் பார்த்தேன். கொப்புளம் உடைந்து, சதை சிவந்து கிடந்தது.

"எங்க கூப்பிட்டாங்க, ஜுனு" என்றேன். "லாரிதான் எல்லையைத் தாண்டவே இல்லையே."

"நாசமாப் போறவங்க" என்று அவள் வாசலுக்கு எழுந்துபோய் எல்லை இருக்கும் திசையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். நானும் அவளோடு சேர்ந்து அவர்களைத் திட்டினேன்.