துருத்திக்குச் சிலிர்த்த கிடா

பசியாவரத்து இருசம்மாள் தன் கிடாவைத் தினமும் ஏரியில் முக்கிக் குளிப்பாட்டினாள். ஊர் அதைப் பக்தி என்று நினைத்தது. உண்மையில் அது சுத்தத் திருட்டுத்தனம். புருஷன் காய்ச்சலில் கிடந்தபோது அவசரப்பட்டு அந்தக் கிடாவை அம்மனுக்கு நேர்ந்துவிட்டிருந்தாள். ஆடியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது கிடா சிலிர்த்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பொருள், உடனே வெட்டு. சிலிர்க்காவிட்டால் அடுத்த ஆடிவரை உயிர் தப்பும். தண்ணீரிலேயே ஊறிய இந்தக் கிடாவோ குடம் குடமாய் ஊற்றினாலும் சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டு நிற்கும். ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கப் போனாலும் கூடவே வரும் அந்தக் கிடாமேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம்.

பூசாரி ராஜவேலுவுக்கு வருஷா வருஷம் கத்தி தீட்டியதுதான் மிச்சம்.

அந்த ஆடியில் பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்து ஒல்லாந்து எனும் டச்சு தேசத்து வைத்தியர் தோல் துருத்தியோடு வந்து இறங்கினார். நீரில் மூழ்கி மூச்சு நின்றவனுக்கு மூக்கில் காற்றடித்துப் பிழைக்க வைப்பாராம். அதற்கு முன்னால் ஓர் ஆட்டுக்கு அடித்துப் பார்க்க வேண்டுமாம்.

"ஆத்தா கிடா சும்மாதான் நிக்குது தொரை. பொழச்சா ஆத்தாளுக்கு, செத்தா கறிக்கு," என்றார் பூசாரி. இருசம்மாள் கதறியதை யாரும் காதில் வாங்கவில்லை.

வைத்தியரின் ஆட்கள் கிடாவைத் தண்ணீரில் அமுக்கினார்கள். பழகிய கிடா லேசில் மூச்சை விடுமா? அவர்கள் கை ஓய்ந்த பிறகுதான் துவண்டது. கரையில் கிடத்தி, மூக்கில் துருத்தியைச் செருகி, புஸ் புஸ்ஸென்று அடித்தார் வைத்தியர். கிடா இருமியது, தும்மியது, எழுந்து நின்று கொம்பிலிருந்து வால்வரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. இருசம்மாள் சந்தோஷம் தாங்காமல் கைகொட்டிச் சிரித்தாள்.

"சிலுத்துக்கிச்சு. ஆத்தா உத்தரவு குட்த்துட்டா," என்று ராஜவேலு கத்தியை உருவினார்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. கிடா கரையோரம் கட்டியிருந்த படகில் தாவியது, அங்கிருந்து அடுத்த படகுக்குத் தாவியது. பின்னாலேயே பூசாரியும் தாவினார். ஏரியில் பிறந்து வளர்ந்தும் நீச்சல் தெரியாத ஒரே ஆள் அவர். கத்தி முதல் படகிலேயே விழுந்தது. இரண்டாவது படகு அவருக்கு எட்டவில்லை.

தண்ணீரிலிருந்து அவரைத் தூக்கிக் கரையில் போட்டபோது மூச்சில்லை. ஆட்டு மூக்கில் இருந்ததைப் பூசாரி மூக்கில் வைப்பதா என்று ஊர் கையைப் பிசைந்தது.

"தீட்டை அப்பால கழுவிக்கலாம். அடிங்க தொரை," என்றாள் இருசம்மாள்.

வைத்தியர் அடித்தார். பூசாரி இருமினார், தும்மினார், எழுந்து உட்கார்ந்து குடுமியிலிருந்து கால்வரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தார்.

இருசம்மாள் படகிலிருந்த கத்தியை எடுத்து வந்து அவர் எதிரில் வைத்தாள்.

"பூசாரியும் சிலுத்துக்கினாரு. ஆத்தா உத்தரவு இன்னான்னு அவரே சொல்லட்டும்."

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ராஜவேலு கத்தியைப் பார்த்தார், கிடாவைப் பார்த்தார்.

"தண்ணிக்குச் சிலுத்தாதான் உத்தரவு. காத்துக்குச் சிலுத்தா கணக்குல வராது," என்றார்.