நுனியில் ஒரு தளர்வு

கத்தரிக்கோல் எங்கே போய்த் தொலைந்ததோ, வீட்டையே புரட்டிப் போட்டும் கிடைக்கவில்லை. கூடத்தில் கிடத்தியிருந்த கணவரின் மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் மாட்டிய பிளாஸ்டிக் பட்டை அப்படியே இருந்தது. அதோடு அவரைச் சுடுகாட்டுக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"இந்தாம்மா, இதால அறுத்துடு." துக்கத்துக்கு வந்திருந்த தொழிற்சாலை மேஸ்திரி தன் சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து நீட்டினார்.

கத்தித் தொழிற்சாலைக்காரர்கள் எல்லோர் பையிலும் ஒன்று இருக்கும். சாணைப் பிரிவில் ஒவ்வொரு அலகின் இடது சரிவையும் அவள் தேய்ப்பாள். வலது சரிவை அடுத்த சாணையில் கணவர் தேய்ப்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். "உங்க பக்கம் மட்டும் நுனிக்கிட்ட தேய்ப்பு குறைஞ்சு போகுது. கை நடுங்குதா?" என்று கிண்டல் செய்வாள். "வயசாகுதுல்ல" என்பார், தலையில் ஒரு நரைகூட இல்லாத காலத்திலேயே. தன் பக்கத்தை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

அவர் படுக்கையில் விழுந்த பிறகு அந்தச் சாணைக்குப் புது ஆள் வந்தார். அன்றிலிருந்து நுனிகள் தகடாய் மெலிந்து, சூட்டில் நீலம் பாரித்து, அலகுகள் கூடை கூடையாகக் கழிவில் போயின. "அந்த ஆளுக்குக் கை வரல, மாத்திடுங்க" என்று மேஸ்திரியிடம் சொன்னவள் அவள்தான். நாளை முதல் அந்தப் புது ஆளுக்கு வேலை இல்லை. அந்த மனிதர் இப்போது உள்ளே வரக் கால் எழாமல் வாசலிலேயே நின்றிருந்தார்.

கத்தியை விரித்தாள். பழக்க தோஷம், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிடியின் நிறம் வருடா வருடம் மாறும். சிவப்புப் பிடி, மகள் பிறந்த வருடத்துச் சரக்கு. தூக்கமில்லாமல் கண் சொருகச் சொருக வேலை பார்த்த வருடம் அது. நுனியில் அவள் பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. திருப்பினாள். அவர் பக்கம் அதே அளவு குறைவாகத் தேய்ந்திருந்தது. விரலிடுக்கில் வைத்துத் தடவினாள். நுனியின் தடிமன் சரியாக இருந்தது.

"வந்தவங்ககிட்ட இருக்கற கத்தியெல்லாம் வாங்கிட்டு வா."

"அண்ணி, இப்பவா?" என்றாள் நாத்தனார். ஆனாலும் போய் வாங்கி வந்தாள்.

பச்சைப் பிடி, அவள் அம்மா இறந்த வருடம். யார் மீதோ கோபம் போல அவள் பக்கம் அள்ளிக்கொண்டு போயிருந்தது. அவர் நுனியைத் தொட்டும் தொடாமலும் விட்டிருந்தார். கறுப்புப் பிடியில் அவள் கை நிதானமாக இருந்தது, அவருடையதும் நேராகவே போயிருந்தது. எந்தக் கத்தியை எடுத்தாலும் அவள் மீறிய இடத்தில் அவர் நின்றிருந்தார். ஒரு மனுஷனால் இப்படி இருக்க முடியுமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. அவள் மனநிலையை அலகு அலகாகப் பார்த்திருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"மேஸ்திரி, அந்தப் புது ஆளை வேலைய விட்டு அனுப்பிடாதீங்க. அவர் அளவுப்படிதான் தேய்க்கறார். நான்தான் நுனில அழுத்தறேன்."

"நீயா? உன் கை மேல ஒரு புகார்கூட வந்ததில்லையேம்மா."

"இவர் வர விடல."

வாசலைப் பார்த்து, "உள்ள வாங்கண்ணா" என்றாள். அவர் தயங்கித் தயங்கி வந்து கணவரின் காலடியில் நின்றார்.

அவள் சிவப்புப் பிடியை எடுத்தாள். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே அலகை நுழைத்து மெல்ல இழுத்தாள். நுனி வந்ததும் கையைத் தளர்த்தினாள். பட்டை விலகி விழுந்தது, தோலில் ஒரு கீறல் இல்லை.