பெட்டி முழுக்க உள்ளங்கை மருந்து

பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அக்கா மருந்துப் பெட்டியை அடுக்க உட்கார்ந்தாள். பந்தயம் என்றால் ரோட்டில் ஓட்டுகிற பந்தயம் இல்லை. மண்மேட்டில் ஏறி, பைக்கும் ஆளுமாக ஆகாயத்தில் பறந்து, தரைக்கு வந்த வேகத்தோடு அடுத்த மேட்டைப் பிடிக்கிற மோட்டோகிராஸ். புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமா இது? பறக்கப் போகிறவள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் அக்காவின் வீட்டுக்காரர் அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்திருந்தார். வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்காரர் மெக்கானிக். வெட்டுக்கிளியின் பைக்குக்கு வைத்தியம் பார்ப்பது அவர். வெட்டுக்கிளிக்கு வைத்தியம் பார்ப்பது அக்கா. அவளுக்கு வேலையே கிளினிக்கில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற அறையில்தான். அவள் போட்ட கட்டு தானாக அவிழாது, அவிழ்த்தால் வலிக்காது என்று வருகிறவர்கள் சொல்வார்கள்.

"என்ன, கிளினிக்கையே பெட்டியில அடைக்கிறியா?" என்றார் வீட்டுக்காரர், கையில் கிரீஸோடு எட்டிப் பார்த்து. "பைக்குக்கே நான் இவ்வளவு எடுத்துக்கல."

"உங்க பைக்குக்கு ரத்தம் வராது. போய்க் கையைக் கழுவுங்க."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? ஒரு வாரமாக அவள் நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டேதான் இருந்தது.

போன வருஷம் வெட்டுக்கிளி மேட்டிலிருந்து தலைகுப்புற விழுந்தாள். காறை எலும்பு இரண்டாகப் போயிற்று. தினமும் காயத்திலேயே கை வைக்கிறவள்தான் அக்கா. ஆனால் அந்த எலும்பு தங்கையின் தோலுக்கடியில் கூடாரக் கம்பு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் ஓரமாக ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை. போகாதே என்று கெஞ்சினாள், அழுதாள், பேசாமல் இருந்து பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். இந்த வருஷமோ, முதல் மூன்று இடத்தில் வருகிறவர்களைப் பெரிய அணி ஒன்று எடுத்துக்கொள்ளப் போகிறதாம். எடுத்துக்கொண்டால் வருஷம் முழுக்க ஊர் ஊராகப் பந்தயம், இதைவிட உயரமான மேடுகள். வெட்டுக்கிளி அதற்காகத்தான் உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அதற்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன.

ஹேண்டில்பாரைப் பிடித்துப் பிடித்து வெட்டுக்கிளியின் உள்ளங்கை காய்த்துக் கிடந்தது. கல் உடைக்கிறவன் கை கூட அவ்வளவு காய்த்திருக்காது. அந்தக் காய்ப்புதான் அவளுக்குக் கவசம். ரொம்பத் தடித்துவிட்டால் ஓரம் பிய்ந்து வரும், அதனால் மேலாக லேசாகத் தேய்த்துவிடவேண்டும், அவ்வளவுதான். அதற்குமேல் தேய்த்தால் உள்ளே இருக்கிற இளந்தோல் பத்து நிமிஷம் தாங்காது. இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

ஒரு வாரம், சாயங்காலம் ஆனால் வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். தங்கையின் கைகளை ஊறவைத்து, கால் தேய்க்கிற கல்லால் தேய்த்து, க்ரீம் தடவி, மறுபடி ஊறவைத்து, மறுபடி தேய்த்து. டிவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"அக்கா, கை ரொம்ப மெத்துன்னு ஆயிடுச்சே. பரவாயில்லையா?"

"காய்ப்பு தடிச்சா பந்தயத்துல கிழிஞ்சுடும்டி. நான் பார்த்துக்கிறேன்."

"அதுவும் சரிதான். உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு, வெட்டுக்கிளி அக்காவின் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். பைக் மேல் அந்தரத்தில் பறக்கிற பெண், தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு குழந்தை மாதிரி இருந்தாள். அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

கொப்புளம் வந்தால் யாரும் சாகப்போவதில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பந்தயத்தில் இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்திலேயே கை போய்விடும், இரண்டாவதுக்கு இறங்கமாட்டாள். எலும்பு போவதற்குத் தோல் போனால் தேவலை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, இவள் கிள்ளுவதற்கு முன்னாலேயே தொட்டிலை வாங்கி வைத்துக்கொண்டாள். அதுதான் மேஜைமேல் இருந்த பெட்டி. புண்ணில் ஒட்டாத பஞ்சுத் துணி, கொப்புளத்தின் மேல் ஒட்டுகிற ஜெல் தாள், வலியைத் தணிக்கும் களிம்பு. மெல்லிய துணியை எடுத்து, தங்கையின் உள்ளங்கை அளவுக்கு, கட்டைவிரல் நுழைய ஓட்டை விட்டு, துண்டு துண்டாக வெட்டி அடுக்கினாள். அவளுக்கு வலிக்கக் கூடாது, சீக்கிரம் ஆறவேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். கடைசியில் மூடி மூடவில்லை. கையைத் தொங்கவிடுகிற முக்கோணத் துணியையும், உடைந்த எலும்புக்கு வைத்துக் கட்டுகிற மட்டையையும் வெளியே எடுத்து அலமாரியில் வைத்தாள். இப்போது மூடிக்கொண்டது.

மறுநாள் மைதானத்தில் புழுதி கண்ணை மறைத்தது. முதல் ஓட்டத்தில் வெட்டுக்கிளி இரண்டாவதாக வந்தாள். கோட்டைத் தாண்டியபோது அக்கா தன்னை மறந்து கத்திவிட்டாள், "வா, வா, என் கண்ணே!" என்று. கத்தி முடித்த பிறகுதான் தான் செய்து வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. ஓரத்தில் அவர்கள் போட்டிருந்த கூடாரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வெட்டுக்கிளி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது. க்ளவுஸைக் கழற்றும்போது பல்லைக் கடித்தாள். இரண்டு உள்ளங்கையும் தோல் சுருண்டு, பச்சைப் புண்ணாக இருந்தன.

"அய்யோ," என்றாள் அக்கா. நடிப்பில்லை. ஒரு வாரமாக மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்த புண்தான். நேரில் பார்த்தபோது அவளுக்குக் கை ஓடவில்லை.

"உக்காந்து வேடிக்கை பாக்காதக்கா. ரெண்டாவது ஓட்டத்துக்கு நேரம் இல்ல," என்று வெட்டுக்கிளியே பெட்டியை இழுத்து விரல் நுனியால் திறந்தாள். முதல் தட்டைப் பார்த்தாள். இரண்டாவது தட்டைத் தூக்கினாள். கை அளவுக்கு வெட்டி வைத்த துணி ஒன்றை எடுத்துத் தன் உள்ளங்கைமேல் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் ஓட்டை சொல்லி வைத்த மாதிரி பொருந்தியது. என் அப்பன் குதிருக்குள் இல்லை என்று அந்தப் பெட்டியே வாயைத் திறந்து சொல்லிவிட்டது.

"போன வருஷம் தோளுக்குக் கட்டின துணி எங்க?"

"வீட்டுல... இடம் பத்தல."

"விழமாட்டேன்னு நெனச்சியா?"

அக்கா களிம்பை எடுத்து மூடியைத் திருகினாள்.

"உள்ளங்கை போகும்னு மட்டும் எப்படிக்கா முன்னாடியே தெரியும்?"

பின்னால் வீட்டுக்காரர் பைக்குக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வெட்டுக்கிளி அக்காவின் முகத்தையே பார்த்தாள். கத்துவாள், பெட்டியைத் தூக்கி எறிவாள் என்று அக்கா காத்திருந்தாள். அதையாவது செய்திருக்கலாம். வெட்டுக்கிளி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"கட்டு. நான் போகணும்."

அக்கா கட்டினாள். தன் பிழைப்பில் கற்றதையெல்லாம் கூட்டி, தடித்தால் பிடி நழுவும், மெலிந்தால் புண் உரசும் என்று அளந்து அளந்து, விரலிடுக்கில் சுருக்கம் விழாமல் கட்டினாள். இப்போது அவள் ஜெயிக்கவேண்டும் என்றுதான் மனசார வேண்டிக்கொண்டாள். வெள்ளம் வந்தபின் அணை போட்டு என்ன பிரயோஜனம்?

இரண்டாவது ஓட்டத்தில் பாதி வரைக்கும் வெட்டுக்கிளி மூன்றாவதாக இருந்தாள். அப்புறம் மேட்டுக்கு மேடு அவள் பிடி தளர்வது கூடாரத்திலிருந்தே தெரிந்தது. ஒருத்தி தாண்டினாள், இன்னொருத்தி தாண்டினாள், அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து தாண்டினார்கள். இரண்டு ஓட்டத்தையும் கூட்டிப் பார்த்ததில் நாலாவது இடம். விழவில்லை. எலும்பு உடையவில்லை. அக்கா ஆசைப்பட்டது ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே நடந்தது.

"என்னாச்சு வெட்டுக்கிளி? நல்லாத்தானே போன?" என்று வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

வெட்டுக்கிளி அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். "க்ளவுஸ் மாமா. உள்தையல் உறுத்திடுச்சு."

மனுஷனுக்கு முகம் செத்துப்போய்விட்டது. அந்த க்ளவுஸை ஆசை ஆசையாகத் தேடி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் வயிறு எரியும். வெட்டுக்கிளியால் கரண்டி பிடிக்க முடியவில்லை. அக்காதான் ஊட்டினாள், முகம் கழுவிவிட்டாள், தலை வாரிப் பின்னினாள். தங்கை வீட்டோடு, பத்திரமாக, தன் கையிலேயே இருக்கவேண்டும் என்று எத்தனை இரவு ஏங்கியிருப்பாள்! இருந்தாள். வாயைத் திறந்து வாங்கிக்கொள்வாள், கண்ணை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

வீட்டுக்காரரோ தினமும் சாப்பிட்டதும் அந்த க்ளவுஸை உள்பக்கம் வெளியே திருப்பி வைத்துக்கொண்டு, பெருவிரலால் தையலைத் தடவித் தடவிப் பார்ப்பார். "எங்கயும் உறுத்தலியே. நான்தான் சரியாப் பார்த்து வாங்கல," என்பார். ஒருநாள் காலையில் அதைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கடைக்குத்தான். சட்டையப் பிடிச்சுக் கேக்கப் போறேன். ஒரு பொண்ணோட வாழ்க்கையையே கெடுத்துட்டான் படுபாவி."

"போகாதீங்க," என்றாள் அக்கா. "கடைக்காரர் மேல தப்பில்ல. உங்க மேலயும் இல்ல. நான்தாங்க செஞ்சேன். காய்ப்பை முழுசாத் தேய்ச்சு எடுத்துட்டேன். வேணும்னே."

அவர் ஒரு கால் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படக்கூட வரவில்லை அவருக்கு. "அவளுக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியும் மாமா." வெட்டுக்கிளி அறை வாசலில் நின்றிருந்தாள். "பெட்டியத் திறந்தப்பவே தெரியும்."

"அப்புறம் ஏம்மா என் க்ளவுஸ் மேல பழியப் போட்ட?"

"அக்கா வாயால சொல்லுதான்னு பார்த்தேன். இவ்வளவு நாளா நீங்க அந்த க்ளவுஸத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கீங்க, அக்கா பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஸாரி மாமா."

அக்கா எழுந்து அவளிடம் போனாள். "எனக்குப் பயம்டி. நீ செத்துப்போயிடுவேன்னு பயம். அடிடி என்னை. ஏதாவது திட்டு."

வெட்டுக்கிளி திட்டவில்லை. ஆறிக்கொண்டிருந்த கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "அடுத்த வருஷமும் நான் ஓட்டுவேன். பெட்டிய நீயே அடுக்குக்கா. உன்ன மாதிரி அடுக்க எனக்கு ஆள் கிடையாது. ஆனா என் கைய மட்டும் இனிமே தொடாத."

அடுத்த வருஷம் அக்கா பெட்டியை அடுக்கினாள். முக்கோணத் துணியும் மட்டையும் முதலில், கண் கழுவுகிற மருந்தும் மற்றதும் அப்புறம், உள்ளங்கைக்கு எல்லாருக்கும் வைக்கிற அளவுதான். கால் தேய்க்கிற கல்லை அவள் எப்போதோ குப்பையில் போட்டிருந்தாள். மைதானத்தில் அதே புழுதி, அதே கூடாரம். வெட்டுக்கிளி நாற்காலியில் உட்கார்ந்து, நன்றாகக் காய்த்துப்போன கையை முழங்கால்மேல் விரித்து, பிளாஸ்டரைத் தானே சுற்றினாள். ஒற்றைக் கையால் சுற்றியதில் அது கோணல் மாணலாகப் போயிற்று. விரலிடுக்கில் சுருக்கம் விழுந்தது. அக்கா பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நுனியை வெட்டவேண்டிய நேரம் வந்ததும் வெட்டுக்கிளி குனிந்து பல்லால் கடித்துப் பிய்த்தாள். கத்தரிக்கோல் அக்காவின் கையில்தான் இருந்தது.