தலைமை நீதிபதி வீட்டுச் சொட்டு

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. மாணவர்களுக்கான பொது அறிவுத் தொகுப்பு ஒன்றுக்கு 'நாட்டின் தலைமை நீதிபதி: பணியும் பொறுப்பும்' என்று இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள். உட்கார்ந்து எழுதினேன்:

"தலைமை நீதிபதி என்பவர் நீதித்துறை என்னும் மாபெரும் ஆலமரத்தின்"

ஆலமரத்தின் என்ன? வேரா, விழுதா, உச்சிக் கிளையா? யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஏசித் தண்ணீர் என் ஜன்னல் தகரத்தில் விழுந்தது. சொட். கொஞ்சம் இடைவெளி. சொட். இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று எழுந்தேன். அந்த வீட்டில் தலைமை நீதிபதியே குடியிருந்தால் யாரிடம் போய் முறையிடுவது என்று தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன். கட்டுரை அங்கேயே உயிரை விட்டது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கருமேகங்கள் சூழ்ந்த ஒரு மாலையில், தலைமை நீதிபதி தன் கறுப்பு அங்கியைக்" [வேண்டாம். அங்கியில் ஆரம்பித்தால் கதை கடைசிவரை அங்கியை விட்டு இறங்காது.]

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர். அவர் வீட்டுக்கும் தலைமை நீதிபதியின் அரசு இல்லத்துக்கும் நடுவில் ஒரே ஒரு மதில். இல்லத்தின் ஏசித் தண்ணீர்க் குழாய் அந்த மதிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விழுந்த இடம் ஆசிரியர் வீட்டு ஜன்னலுக்கு மேலே அடித்திருந்த தகரம். ஜன்னலுக்கு உள்பக்கம் அவர் மனைவி படுத்திருந்தார். முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நன்றாகத் தூங்கினால்தான் தேறுவார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த அம்மாவோ ஒரு சொட்டு விழுந்ததும் அடுத்த சொட்டுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆசிரியர் வாசல் காவலரிடம் போனார். "ஐயாகிட்ட போய் இத எப்படி சார் சொல்றது?" என்றார் காவலர்.

பொதுப்பணித் துறைப் பொறியாளரிடம் போனார். "அவங்க வாயால சொல்லாம அந்த வீட்டுல ஒரு ஆணியக்கூட நாங்க தொட முடியாது."

தலைமை நீதிபதியின் செயலாளரிடம் போனார். "வீட்டு விஷயம்லாம் என்கிட்ட வராதுங்க. துறைகிட்ட கேளுங்க."

ஒரு நீதிபதியின் காதில் ஒரு விஷயத்தைப் போட நாட்டில் அதற்கென்றே ஒரு வழி இருக்கிறதே என்று ஆசிரியருக்கு அப்போதுதான் உறைத்தது. வழக்குப் போட்டார்.

3

கீழ் நீதிமன்ற நீதிபதி மனுவில் எதிர்மனுதாரரின் முகவரியைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். அவருக்கு மேலே இருந்தவரும் விலகிக்கொண்டார். இப்படிப் படி ஏறி ஏறி மனு உச்சிக்கே வந்துவிட்டது. அங்கே ஒரு நீதிபதியின் மகள் கல்யாணத்தில் தலைமை நீதிபதி மொய் எழுதியிருந்தார். இன்னொருவர் அவரோடு தினமும் மதியச் சாப்பாடு சாப்பிடுபவர். மூன்றாமவர், தன் வீட்டு ஏசியும் அடுத்த வீட்டில்தான் சொட்டுகிறது என்பதால் விலகினார். எந்த வழக்கை யார் விசாரிப்பது என்று பிரித்துக்கொடுப்பது தலைமை நீதிபதியின் வேலை. பிரித்துக்கொடுக்க ஆள் மிஞ்சவில்லை.*

(* என் தங்கை வக்கீல். இதுவரை படித்துவிட்டு, "இப்படியெல்லாம் நடக்காதுண்ணா" என்றாள். "நடந்தா?" என்றேன். "வேற யாராலயும் விசாரிக்க முடியாதுன்னா சம்பந்தப்பட்டவரே விசாரிக்கலாம்னு ஒரு கோட்பாடு இருக்கு. நீ அதப் பிடிச்சுக்காத." பிடித்துக்கொண்டேன்.)

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தலைமை நீதிபதி கெட்டவராக இருந்தால் கதை எளிது. அவருக்கு ஒரு கோணல் சிரிப்புகூடக் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் நல்லவர். யாருக்கும் பாதகமாக நடந்துவிடக் கூடாதே என்று வாழ்நாளெல்லாம் பயந்தவர். வில்லங்கமே அதில்தான்.

தன் மேலேயே போட்ட வழக்கைத் தானே விசாரித்த முதல் நாளில், இடத் தகராறு எது வந்தாலும் முதலில் சொல்லும் வார்த்தையை வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டார்: "மறு உத்தரவு வரைக்கும் இப்போ இருக்கற நிலை அப்படியே தொடரட்டும்."

இருந்த நிலை என்பது சொட்டிக்கொண்டிருந்த நிலை.

மறுநாள் காலை அவர் மனைவி ஒரு பிளம்பரை வரவழைத்தார். கையில் ஒரு முழம் ரப்பர் குழாயோடு வந்த பிளம்பரை வாசல் காவலர் நிறுத்திவிட்டார். குழாயை யாராவது தொட்டால் நீதிமன்ற அவமதிப்பு. சாப்பாட்டு மேசையில் அம்மையார் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஆர்டர வச்சு என் வீட்டு வாசல்லயே என்னை மடக்கறாங்க."

"அது என் ஆர்டர் இல்லம்மா. கோர்ட் ஆர்டர்."

"கோர்ட்டு யாரு?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

"ஏசியயாவது அணைச்சு வைங்க."

"அணைச்சா சொட்டாது. சொட்டலைன்னா நிலை மாறிடும்."

அன்றிலிருந்து அம்மையார் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். அவரோ குளிரில் நடுங்கிக்கொண்டு தன் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்.

5

அடுத்த விசாரணைக்கு ஆசிரியர் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே வந்தார். தலைமை நீதிபதி அவரிடமே கேட்டார்.

"உங்க பக்கம் தீர்ப்பு சொன்னா, பேர் வாங்கறதுக்காகச் சொன்னார்னு பேசுவாங்க. என் பக்கம் சொன்னா கேக்கவே வேண்டாம். நான் என்ன சொன்னா நீங்க நம்புவீங்க?"

"எதச் சொன்னாலும் நம்ப மாட்டேங்க" என்றார் ஆசிரியர். "எனக்கு நம்பணும்னு இல்ல. அவ தூங்கணும்."

நேரில் வந்து பார்வையிடுவதாகச் சொல்லிவிட்டுத் தலைமை நீதிபதி எழுந்தார்.

6

அன்று சாயங்காலமே ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். அங்கி இல்லை, சாதாரணச் சட்டை. கூடவே ஒரு நீதிமன்ற அலுவலர். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காது கொடுத்தார். சொட். அடுத்ததற்குக் காத்திருந்தார். சொட். குளிரில் பல நாள் தூக்கம் கெட்ட மனிதர். இந்த அறையில் கதகதப்பாக இருந்தது. தலை மெல்லச் சாய்ந்தது. தூங்கிப்போனார்.

அலுவலருக்குக் கை ஓடவில்லை. ஆய்வின்போது தலைமை நீதிபதி உறங்கினார் என்று எழுதினால் அது யாருக்குச் சாதகமான சாட்சி? எழுப்பப் போனவரைக் கட்டிலில் இருந்த அம்மா கைகாட்டித் தடுத்தார். "பாவம், தூங்கட்டும். ஒருத்தராவது தூங்கட்டும்."

தலைமை நீதிபதி விழித்தபோது அந்த அம்மாதான் பேசினார்.

"நீங்க யாருங்க? அவர் ஒண்ணும் சொல்லாம காபி போடப் போயிட்டாரு."

"பக்கத்து வீடும்மா."

"தண்ணி சொட்டுற வீடா?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்களே அத நிறுத்தலாமே."

"முடியாதும்மா. கோர்ட் உத்தரவு இருக்கு."

அந்த அம்மா விடவில்லை. "அந்த ஜட்ஜ்கிட்ட போய் எடுத்துச் சொல்லுங்க. அவரும் மனுசன்தானே. கேப்பாரு."

"சொல்றேம்மா" என்றார் தலைமை நீதிபதி.

7

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று: தனக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்கிறார். நாடே பாராட்டுகிறது. [அந்தப் பாராட்டில் அவர் கூனிக் குறுகுகிறார். இதை அவருக்குச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.]

இரண்டு: "மனு தள்ளுபடி செய்யப்" [இதை எழுதி முடிக்க எனக்கே பிடிக்கவில்லை.]

மூன்று: அன்று பெருமழை பிடித்துக்கொள்கிறது. ஏழை, பணக்காரன், நீதிபதி என்று பாராமல் எல்லார் வீட்டிலும் சொட்டுகிறது. [இது ஏமாற்று வேலை. அடித்துவிட்டேன்.]

முடிவென்று எழுதாமல் மனசிலேயே நின்றுபோனது இது.

தலைமை நீதிபதி வெளியே வந்து அந்த ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறார். குழாய் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. தொட்டால் அவமதிப்பு. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காவலர் பார்த்துக்கொண்டிருக்கிறார். தலைமை நீதிபதி குழாயைத் தொடவில்லை. குழாய்க்கும் தகரத்துக்கும் நடுவில் உள்ளங்கையை மட்டும் நீட்டுகிறார். தண்ணீர் சொட்டத்தான் செய்கிறது, நிலை மாறவில்லை. கையில் விழும் சொட்டுக்குச் சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

காவலருக்கு இது குற்றமா இல்லையா என்று பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சல்யூட் வைக்கிறார். தெருவில் அலுவலரின் கார் காத்திருக்கிறது. உள்ளே இருந்து ஆசிரியர் காபியோடு வந்து, பார்த்துவிட்டு, அப்படியே நிற்கிறார். அறைக்குள் அந்த அம்மாவின் மூச்சு சீராகிறது.

அவர் கையை எப்போது எடுப்பார் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். வேண்டுமானால் நீங்கள் சொல்லிப் பாருங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், அந்த அம்மா தூங்குகிறார்.