ஒன்பதாம் பக்கத்து வரி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் ஆய்வறிக்கையின் ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது. அந்த வரியை எழுதிய மகாராசன் நான்தான்.

முதல் தொடக்கம்: 'வார்டின் சன்னல் வழியே வெயில்…' (வேண்டாம். வெயிலா இப்போது முக்கியம்?)

2

படுக்கையோடு கிடக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்தால் முதுகில் புண் வராது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை வார்டில் நடக்கவைப்பது எப்படி என்பதுதான் எங்கள் ஆய்வு. ஒரு டாக்டர், ஒரு புள்ளிவிவரக்காரர், ஒரு சமூகவியல்காரர், தலைவனாக நான். வார்டை அறிந்தவர் ஒரே ஒருவர்தான்: நாங்கள் அக்கா என்று கூப்பிட்ட நர்ஸ்.

முதல் கூட்டத்திலேயே அவர் சொன்னார். "சார், ஒரு ஆளப் புரட்ட ரெண்டு பேர் வேணும். மதியத்துக்கு மேல நான் ஒருத்திதான். இருபத்தெட்டு படுக்கை."

"அத அப்புறம் பேசலாம்க்கா. மொதல்ல படிவத்த முடிவு பண்ணுவோம்."

(இந்த இடத்தில் 'நான் சற்று யோசித்தேன்' என்று எழுதி அடித்திருக்கிறேன். யோசிக்கவே இல்லை.)

3

புரட்டியதும் டிக் போட வேண்டும். மூன்று மாதத்தில் படிவம் பூராவும் டிக். நாங்கள் கைதட்டிக்கொண்டோம். புண் மட்டும் குறையவில்லை.

"ஒரு நாளோட டிக் எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு," என்றார் புள்ளிவிவரக்காரர். "வேலை முடியறப்ப மொத்தமா போட்டிருக்காங்க. ஏன்னு அக்காகிட்ட கேப்போமா?"

கேட்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, ஒன்பதாம் பக்கத்தில் எழுதினேன்: 'வார்டு செவிலியர் ஒத்துழைக்கவில்லை.'*

* ஒத்துழைப்பைப் பற்றி அதே அறிக்கையில் தனி அத்தியாயமே உண்டு. அதுவும் என் கைவண்ணம்தான்.

அந்த வரியை வைத்து மருத்துவமனை அக்காமேல் விசாரணை போட்டது.

4

முடிவு அ: அக்கா என்னை மன்னிக்கிறார். (எனக்கு வசதி.)

முடிவு ஆ: நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கிறார். (இதுவும் எனக்குத்தான் வசதி.)

நடந்தது இது. போன் செய்து, "உங்களப் பத்தி ஒரு கதை எழுதறேன்க்கா" என்றேன்.

"கதையெல்லாம் எதுக்கு சார்? அந்த வரிய எடுத்துருங்க. இருபது வருஷ வேலை போயிரும்."

5

வரியை நீக்கக் கடிதம் தயார். தப்பு குழுவின் தலைவனுடையது என்று அதில் எழுதியிருக்கிறது. அறிக்கையில் பெயர் போட்ட நான்கு பேரும் கையெழுத்திட வேண்டும். மூன்று பேர் அன்றைக்கே போட்டுவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

விசாரணை நாளைக் காலை. நான்காவது ஆள் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்து உங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். நீங்கள் படிக்கிற வரைக்கும் எழுதிக்கொண்டேதான் இருப்பான்.

தயவுசெய்து நிறுத்துங்கள்.