தண்ணீர் லாரி ஓடும் நாள்

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. மணல் சுரங்கத்தின் வடக்கு வேலியிலிருந்து நூற்றிருபது அடி தள்ளியிருந்த வீட்டின் கொடியில் பதினேழு துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

அது காற்று மாசு ஆய்வாளரின் அக்கா வீடு. ஆய்வு நாட்களில் மட்டும் அங்கே எட்டிப் பார்ப்பார். அன்றும் சுரங்கத்தின் படிவத்தில் எல்லாக் கட்டங்களிலும் ‘சரி’ போட்டுவிட்டு வந்திருந்தார்.

“வாடா ஆபீசர்! நீ வர்றது நேத்தே தெரியும்” என்றாள் அக்கா.

“யாரு சொன்னா?”

“தண்ணி லாரி ரோட்டை நனைச்சா நீ வர்றேன்னு தெருவுக்கே தெரியும். அன்னிக்கு மட்டும்தான் தூசி இருக்காது, துணியை வெளியில போடுவோம். ‘உன் தம்பி மூணு மாசத்துக்கு ஒருக்கா வர்றதுக்கு வாராவாரம் வந்தா என்னவாம்’னு எதிர்வீட்டுக்காரி கேக்கறா. அவளுக்கு மெத்தையை வெயில்ல போடணுமாம்.”

அவள் சிரித்தாள். உள்ளறையில் மாமா நெடுநேரம் இருமினார்.

“ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?”

“உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் நீ பேசாம இருக்கேன்னு நெனச்சேன்.”

அக்கா கொடுத்திருந்த தண்ணீரைக் கீழே வைத்தார். ஒவ்வொரு ஆய்வுக்கும் முதல் நாளே சுரங்க மேலாளருக்குப் போன் செய்து, வருவதாகச் சொல்லிவிடுவது அவர் வழக்கம். வெறும் மரியாதைதான். கேட் திறந்திருக்கும், பதிவேடுகள் மேசைக்கு வந்திருக்கும். ஒன்பது ஆண்டுகளில் யாரிடமும் கை நீட்டியதில்லை என்று பெருமையடித்துக்கொள்வார். இதே அக்காவிடமும் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை சொல்லாமல் போனார். வேலிக்கு வெளியே, வெயில் முதுகில் விழும்படி நின்று, பதினைந்து விநாடிக்கு ஒருமுறை தூசிப் புகையின் அடர்த்தியைக் கண்ணால் அளந்து குறித்தார். மணல் உலர்த்தும் உலையிலிருந்து வெண்தூசி எழுந்து வேலி தாண்டிக் கூரைகளில் இறங்கியது. மணல் ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட்டின் தூசி மூடிகள் கழற்றி ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. தண்ணீர் லாரி கொட்டகையில் நின்றது.

மேலாளர் மூச்சிரைக்க வந்தார். “என்ன சார், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“சொல்லிச் சொல்லித்தான் சார் இப்படி ஆச்சு.”

“இதை எழுதினா, முந்தாநாள் எழுதினது என்னாகும்? உங்க தலையும்தானே சார் உருளும்?”

அது அவருக்கும் தெரியும். ஜீப்பின் பானெட்டில் படிவத்தை வைத்து எழுதினார். கடைசியில், முந்தைய முப்பத்தாறு ஆய்வுகளும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு நடத்தியவை, நம்பத்தக்கவை அல்ல என்று சேர்த்துக் கையெழுத்திட்டார். அக்காவின் தெருவைத் தவிர்த்து, சுற்றுவழியாகத் திரும்பினார்.

உலை இருபத்திரண்டு நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டது. ஆய்வாளர் ஆவண அறைக்கு மாற்றப்பட்டார்.