பச்சை ஒயர்

‘முனவர் பேகம் தையலகம்’ என்று ஒரு கடைக்காகத் தேக்குப் பலகையில் எழுத்து செதுக்கிக்கொண்டிருந்த மெஷின், ‘வ’ பாதி இறங்கியிருந்தபோது நான்காவது முறையாக நின்றது. முனை மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்று தேக்கைக் கருக்கியது. லேப்டாப் திரையில், தொடர்பு அறுந்துவிட்டது என்று ஒரு வரி. வினிதா சட்டென்று ஸ்விட்சை அணைத்தாள்.

மணி பதினொன்று. நாலு மணிக்குக் கூரியர்காரர் வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பழுது என்று திருப்பி அனுப்ப இன்றுதான் கடைசி நாள். கணவன் ஜெகதீஷ்தான் பதிவு செய்திருந்தான். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து இப்போது உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஏழு வருடம், கணினி சொல்படி இரும்பு வெட்டும் சிஎன்சி மெஷின் ஓட்டியவள் வினிதா. அந்த மெஷின் லாரி அளவுக்கு இருக்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் போன் செய்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை. மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து கதவைத் திறந்து, முதுகால் மறைத்துக்கொண்டு எதையோ செய்வார்கள். ஒருமுறை எட்டிப் பார்த்தபோது, “உனக்கெதுக்கும்மா இதெல்லாம்?” என்றார் ஒருவர். உள்ளே என்ன இருந்தது என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. தையல் மெஷின் மேஜைக்குள் அடங்கும் இந்தச் சின்ன மெஷினை வாங்கியபோது முதலில் அதன் மூடியைத்தான் திறந்து பார்த்தாள்.

கேபிளை மாற்றியாகிவிட்டது. மோட்டார் ஒயரோடு உரசாமல் தள்ளிக் கட்டியும் பார்த்தாகிவிட்டது. ஐந்தாவது முறை ஓட்டுவதற்குமுன் மேஜையை நகர்த்தியதில் லேப்டாப் சார்ஜர் கழன்று விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. மெஷின் ஓடியது. ‘வ’ முடிந்து, ‘பேகம்’ முடிந்து, ‘தையலகம்’ முழுதும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் தரையில் கிடந்த சார்ஜரைப் பார்த்தாள்.

பேட்டரியிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று அத்தோடு விட்டிருக்கலாம். அவளால் விட முடியவில்லை. சார்ஜருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வீணான பலகை ஒன்றை வைத்து, சார்ஜரைச் செருகி ஓட்டினாள். மூன்றாவது நிமிடம் நின்றது. கழற்றினாள். ஓடியது. மறுபடி செருகிவிட்டுக் குனிந்தபோது முழங்கை மெஷினின் இரும்புச் சட்டத்தில் பட்டு, சுர்ரென்று எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தொட்டாள். ஒன்றுமில்லை. வெறுங்காலோடு தொட்டாள். சுர்.

டெஸ்டரை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய் மெயினை இறக்கினாள். கீழ் வீட்டு நாராயணம்மா ஈரக் கையோடு வெளியே வந்தார்.

“கரெண்ட் நீதான் நிறுத்துனியாம்மா?”

“ஆமாக்கா, ஒரு பத்து நிமிசம்.”

மேலே வந்து பிளக் பாயின்டின் நான்கு திருகாணிகளையும் கழற்றினாள். சிவப்பு ஒயர் இருந்தது, கறுப்பு இருந்தது. பச்சை ஒயர் சுவருக்குள் நான்காக மடிக்கப்பட்டு, பூச்சுச் சிதறல் ஒட்டிக் கிடந்தது. எதிலும் மாட்டவில்லை. அடுத்த பாயின்டைத் திறந்தாள். அதிலும் அப்படியே.

மின்விசிறி நின்றதில் வேர்த்து எழுந்து வந்த ஜெகதீஷ், சுவர் முழுக்கத் திறந்து கிடப்பதைப் பார்த்துத் திகைத்தான்.

“என்ன வினி பண்ற? நாலு மணிக்கு ஆள் வராங்க.”

“மெஷின் மேல தப்பில்லைங்க. கசியுற கரெண்டை மண்ணுக்குள்ள இறக்குற எர்த்தே வீட்டுல இல்ல. சார்ஜர் கசிவு கேபிள் வழியா மெஷினுக்குப் போய்க் குழப்புது.”

“எர்த் இல்லாம வீடு கட்டுவாங்களா?” என்றவன் பச்சை ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு அவளோடு இறங்கி வந்தான். மெயின் பெட்டிக்குள் எட்டுப் பத்துப் பச்சை ஒயர்கள் கொத்தாகச் சேர்ந்து, ஒரே நீளத்தில் நறுக்கப்பட்டிருந்தன.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாராயணம்மா கேட்டார்: “அது இல்லைன்னா என்னாவும்?”

“ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் தொட்டா சுர்ருன்னு இழுக்கும்க்கா. கசிவு பெருசா இருந்தா ஆளையே அடிச்சிரும்.”

நாராயணம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். “தேவுடா,” என்றார் மெதுவாக. “ரெண்டு வருசமா கை சுருசுருங்குதுன்னு நரம்பு மாத்திரை சாப்பிடறேன்.”

ஜெகதீஷ் வீட்டு உரிமையாளருக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அதை வைத்துவிட்டுக் கூரியர் செயலியைத் திறந்து, வினிதாவின் முகத்தைப் பார்த்தான். அவள் மெயின் பெட்டியிலிருந்து சுவர்வழியே இறங்கும் குழாய் எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். கூரியரை அவனாகவே ரத்து செய்தான்.

குழாய் வீட்டின் பின்புறம் சிமென்ட் தரைக்குள் போய் மறைந்தது. பச்சை ஒயர்களை மண்ணோடு சேர்க்கும் எர்த் குழி இருந்தால் அங்கேதான் எங்காவது இருக்க வேண்டும். ஜெகதீஷ் பக்கத்து மனையில் கட்டடம் கட்டுகிறவர்களிடம் கடப்பாரை வாங்கி வந்தான். சுவரோரமாக, அரையடிக்கு ஒருமுறை, தரையைத் தட்டிக்கொண்டே போனான். கீழே குழி இருந்தால் வெற்றொலி கேட்கும் என்று வினிதா மண்டியிட்டு, வெயிலில் கொதித்த சிமென்ட்டில் காதை ஒட்டி வைத்திருந்தாள்.

“இங்க?”

“இல்ல.”

“இங்க?”

“இன்னொருக்கா தட்டுங்க.”

நாராயணம்மா வாசற்படியில் நின்று வலது கையை விரிப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடப்பாரை மீண்டும் விழுந்தது. வினிதா மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.